பனியேரியில் முனகிய பற்சில்லுகள்

1812 இல் நெப்போலியனையும் 1941 இல் ஹிட்லரையும் ரஷ்யாவின் குளிர்காலமே தோற்கடித்தது என்று எழுதிவிட்டு அப்பால் நகர்வது வரலாற்றாசிரியர்கள் பலரின் வழக்கம். பத்திரிகைத் துறையில் இருக்கும் எங்களுக்கும் அது வசதியான ஒரு வாக்கியம். ஆனால், குளிருக்குக் கட்சி கிடையாது. படையெடுத்து வந்தவனின் வாகனத்தை உறைய வைத்த அதே குளிர்தான் மண்ணின் மைந்தனின் வாகனத்தையும் உறைய வைத்தது. அப்படியானால் சில சில்லுகள் நின்றுபோகச் சில சில்லுகள் மட்டும் எவ்வாறு ஓடின? இந்தக் கேள்விக்கான விடையைத் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் தேடுவதைவிட, லடோகா ஏரியின் மீது லொறி ஓட்டிய சாதாரண சாரதிகளிடம் தேடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

1941 செப்டெம்பர் 8 ஆம் திகதி ஜேர்மனியப் படைகள் லெனின்கிராட் நகரின் தரைவழித் தொடர்புகள் அனைத்தையும் துண்டித்தன. சுமார் 25 இலட்சம் மக்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டனர். நவம்பர் 20 ஆம் திகதி, தொழிலாளர் அல்லாதோருக்கும் சிறுவர்களுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் பாண் என்ற நிலை வந்தது. அந்தப் பாணிலும் மாவைத் தவிர வேறு பல பொருட்கள் கலந்திருந்தன. வெளியுலகிலிருந்து உணவு வருவதற்கு எஞ்சியிருந்த பிரதான வழி கிழக்கேயிருந்த லடோகா ஏரியே. ஏரி உறையும்வரை காத்திருந்தார்கள். நவம்பர் 22 ஆம் திகதி, சுமார் 60 லொறிகள் கொண்ட முதலாவது தொடரணி, இன்னும் போதிய தடிப்பை எட்டாத பனிக்கட்டியின்மீது இறங்கிக் கிழக்குக் கரையை நோக்கிப் புறப்பட்டது. கரைக்குக் கரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பாரத்தைப் பரப்புவதற்காக லொறியில் பாதிச் சுமையை மட்டும் ஏற்றி, மீதியைப் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் இழுத்தார்கள்.

இந்தப் பாதையின் உழைப்பாளி 'காஸ் ஏஏ' என்னும் ஒன்றரைத் தொன் லொறி. அமெரிக்க ஃபோர்ட் நிறுவனத்தின் 'ஏஏ' லொறியை அடியொற்றி, அனுமதிப் பத்திரத்தின்கீழ் 1932 முதல் கார்க்கி நகரில் உற்பத்தி செய்யப்பட்டது. வீதிக்காகப் படைக்கப்பட்ட அந்த லொறியை வீதியே இல்லாத ஏரியின்மீது ஓட்டினார்கள். அதன் கியர் பெட்டியில், பற்சில்லுகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து இணைக்கும் பொறிமுறை கிடையாது. சாரதியே கிளச்சை இரண்டு முறை மிதித்து, இயந்திரத்தின் ஓசையைக் காதால் அளந்து, தருணம் பார்த்துக் கியரை மாற்றவேண்டும். தருணம் பிசகினால் பற்கள் உரசிக் கூச்சலிடும்.

கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் ஊற்றப்பட்ட எண்ணெய்க்கு 'நிக்ரோல்' என்று பெயர். கருமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயருக்கேற்ப, கருந்தார் போன்ற எண்ணெய். சாதாரண காலநிலையில் பற்சில்லுகளுக்கு நல்ல காவல். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையை எட்டும்போதோ அதுவே சில்லைக் கட்டிப்போடும் விலங்காகிவிடும்.

இங்கே சற்று நின்று பொறியியலைப் பார்ப்பது அவசியம். பின் அச்சினுள் எண்ணெயைப் பாய்ச்சும் பம்பி எதுவும் இல்லை. பெரிய பற்சில்லின் அடிப்பகுதி எண்ணெயில் அமிழ்ந்திருக்கும். அது சுழலும்போது எண்ணெயை வாரி மேலே எறிந்து ஏனைய பாகங்களை நனைக்கும். எண்ணெய் கட்டிபட்டால், சில்லு அதனுள் ஒரு வாய்க்காலை வெட்டிவிட்டு வெறுமனே சுழலும். வெட்டிய வாய்க்கால் மீண்டும் நிரம்பாது. பற்கள் உலர்ந்த நிலையில் ஒன்றையொன்று அரைக்கத் தொடங்கும். அப்போது எழுவதே அந்த முனகல். இணைப்புத் தண்டுகளின் மூட்டுகளில் இருக்கும் கிறீஸ் இறுகினால், புறப்படும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும் 'டக்' என்ற அடி கேட்கும். ஆக, குளிரில் வாகனம் எழுப்பும் ஓசை, எண்ணெய் தன் வேலையை இன்னும் தொடங்கவில்லை என்ற அறிவித்தலாகும்.

அக்காலத்துச் சோவியத் சாரதிகள் இந்த அறிவித்தலைப் புரிந்துகொண்டவர்கள். இரவில் இயந்திர எண்ணெயை வடித்தெடுத்து, காலையில் வாளியில் வைத்துச் சூடாக்கி மீண்டும் ஊற்றுவது அவர்களது வழக்கம். பின் அச்சின் கீழே நெருப்பு மூட்டியோ ஊதுவிளக்கைப் பிடித்தோ நிக்ரோலை இளக்கிய பின்னரே வண்டியை நகர்த்துவார்கள். ஏரியின்மீது இன்னொரு ஓசைக்கும் அவர்கள் செவிகொடுக்க வேண்டியிருந்தது. அது காலடியில் பனிக்கட்டி வெடிக்கும் ஓசை. கேட்டதும் வெளியே பாய்வதற்கு வசதியாக, உயிரை உறைய வைக்கும் குளிரிலும் லொறியின் கதவுகளைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள். நாளொன்றுக்குப் பல தடவை ஏரியைக் கடந்த களைப்பில் உறங்கிவிடாதிருக்க, தலைக்குப் பின்னால் ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்ட சாரதிகளும் உண்டு. கண் செருகித் தலை சாய்ந்தால் பாத்திரம் முட்டி எழுப்பும்.

முற்றுகைக்குள் பட்டினியோடு பணிபுரிந்த விஞ்ஞானிகளும் இதில் பங்கேற்றனர். லெனின்கிராட் பௌதிகத் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த நவும் ரெய்னோவ், லொறி கடக்கும்போது பனிக்கட்டி எவ்வளவு வளைகிறது என்பதைப் பதியும் கருவியொன்றை அமைத்தார். மணிக்குச் சுமார் 35 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் லொறி, கீழேயுள்ள நீரில் எழும் அலையோடு ஒத்திசைந்து பனிக்கட்டியை உடைத்துவிடும் என்பது அப்போது தெரியவந்தது. அந்த வேகத்தைத் தவிர்க்குமாறு சாரதிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

1942 ஏப்ரல் 24 வரை, 152 நாட்கள் அந்தப் பாதை இயங்கியது. 3,60,000 தொன்னுக்கும் அதிகமான பொருட்கள் உள்ளே வந்தன. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டனர். பனிக்கட்டி உடைந்து லொறியோடு மூழ்கிய சாரதிகளும் பலர். பாதை திறந்தபோதும் நகரத்துள் பட்டினிச் சாவுகள் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பாதை இல்லாதிருந்தால் நகரமே எஞ்சியிருக்காது.

முற்றுகைக்குள் வாழ்ந்த சமூகத்துக்கு இவ்வாறான இயந்திர ஞானம் அந்நியமானதன்று. 1990 களில் பொருளாதாரத் தடையின்கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நாம் அறிவோம். அங்கே குளிர் இல்லை. ஆனால் இயந்திரம் இருமுகிறதா, ஏற்றுக்கொள்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்ட கவனம் ஒன்றுதான்.

இன்று எண்ணெய் மாறிவிட்டது. கியர் ஒயில் கலனில் '75டபிள்யூ-90' என்று இருந்தால், அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. நியமத்தின்படி, 75டபிள்யூ எண்ணெய் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரையிலும், 80டபிள்யூ 26 பாகை வரையிலும், 85டபிள்யூ 12 பாகை வரையிலுமே வரையறுக்கப்பட்ட இளக்கத்தோடு இருக்கும். எங்கள் வெப்பநாட்டில் இந்த எண்களுக்கிடையே வேறுபாடு தெரிவதில்லை. ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் நான்கு சில்லு இயக்க ஜீப் வைத்திருக்கும் எம்மவர்க்கு அது தெரியும். முன்னும் பின்னும் இரண்டு அச்சுகள், நடுவே விசையைப் பகிரும் இன்னொரு பெட்டி என்று முனகக்கூடிய இடங்கள் அதில் அதிகம். தை மாதக் காலையில் எழும் முனகல் சில கிலோமீற்றர் ஓடி எண்ணெய் சூடேறியதும் அடங்கினால், அது குளிரின் குரல். சூடேறிய பின்னரும் தொடர்ந்தால், அது தேய்மானத்தின் குரல். முதலாவதற்குப் பொறுமை போதும். இரண்டாவதற்குக் கராஜ் தேவை.

லடோகாவின் சாரதிகளுக்கு இந்த வேறுபாட்டை எந்தக் கையேடும் கற்பிக்கவில்லை. பின்னால் மாவு மூட்டைகள் இருந்தன. அக்கரையில் 125 கிராம் பாணுக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பின் அச்சு ஏரியின் நடுவே முறிந்தால் எத்தனை பேரின் அன்றைய பாண் அங்கேயே நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே கேட்டார்கள்.