பசித்த பிள்ளைகளும் பிராட்போர்ட் மாநகர சபையும்

1893ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடபாகத்துக் கம்பளி நகரான பிராட்போர்ட்டின் பாடசாலைச் சபை, ஜேம்ஸ் கேர் என்னும் மருத்துவரைத் தன் பாடசாலைகளுக்கென நியமித்தது. லண்டன் நகரத்துப் பாடசாலைச் சபை மட்டுமே அதற்கு முன்னர் அவ்வாறு செய்திருந்தது. எழுத்தும் எண்ணும் புகட்டுவதற்கென அமைந்த ஒரு சபைக்கு மருத்துவர் எதற்கு என்னும் வினா அன்று எழுந்தமை இயல்பே. அவ்வினாவுக்கான விடையை அந்நகரம் அடுத்த இருபது ஆண்டுகளில் படிப்படியாகக் கண்டறிந்தது. அவ்விடை பின்னர் பிரித்தானியா முழுவதற்கும் உரிய சட்டமாயிற்று.

பிராட்போர்ட் கைத்தொழிற் புரட்சியின் பிள்ளை. 1801இல் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் மக்களே வாழ்ந்த அவ்விடத்தில் 1851இல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்தனர். ஆலைகள் பெருகிய வேகத்தில் வீடுகளும் வடிகால்களும் பெருகவில்லை. பெண்களும் பிள்ளைகளும் ஆலைத் தொழிலின் பெரும்பங்கைச் சுமந்தனர். காலையில் ஆலையிலும் மாலையில் பாடசாலையிலுமாக, அன்றேல் மாறி, நாளைக் கழித்த ‘அரைநாட் பிள்ளைகள்’ இந்நகரின் வகுப்பறைகளில் நிறைந்திருந்தனர். இவ்வாறு வேலைக்குச் செல்வதற்கான குறைந்த வயது 1893இல் பதினொன்றாகவும் 1899இல் பன்னிரண்டாகவும் உயர்த்தப்பட்டது. அம்முறையையே ஒழிப்பதற்கு 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடக்கக் கல்வியை நாடெங்கும் பரப்பிய 1870ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆக்கிய டபிள்யூ. ஈ. போஸ்ரர் இந்நகரின் பாராளுமன்ற உறுப்பினர். தாமே கம்பளி ஆலை உரிமையாளருங்கூட. அவரது சட்டத்தின் வழி, வரியிறுப்போர் வாக்களித்துத் தெரிவு செய்த பாடசாலைச் சபைகள் தோன்றின. 1880இல் பாடசாலை வரவு கட்டாயமாக்கப்பட்டது. 1891இன் பின்னர் பெரும்பாலான தொடக்கப் பாடசாலைகளிற் கட்டணமும் ஒழிந்தது. சட்டம் ஆக்கியோர் எதிர்பாராத ஒரு விளைவு இங்கு நிகழ்ந்தது. அதுவரை சந்துகளிலும் நிலவறைகளிலும் மறைந்து கிடந்த வறுமை, கட்டாய வரவின் காரணமாக நாள்தோறும் காலையில் வரிசையாக வந்து வாங்குகளில் அமர்ந்தது. பசியை ஏழையின் வீட்டு விவகாரம் என ஒதுக்குவது அதன்பின் எளிதாயிருக்கவில்லை. பிள்ளையைக் கட்டாயப்படுத்தி அழைத்த அதிகாரம், வந்த பிள்ளை பாடத்தைக் கேட்கும் நிலையில் உள்ளதா என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டாமா என்னும் கேள்வி அச்சட்டத்தின் உள்ளேயே அடங்கியிருந்தது.

அக்கேள்வியைச் சபையில் உரத்து எழுப்பியவர் மார்கிரட் மக்மிலன் அம்மையார். 1893 ஜனவரியில் சுதந்திரத் தொழிற் கட்சி பிராட்போர்ட்டிலேயே தொடங்கப்பட்டது. மானிங்காம் ஆலையில் 1890 டிசம்பரில் தொடங்கி மாதக் கணக்கில் நீடித்துத் தோல்வியில் முடிந்த வேலைநிறுத்தம் அதற்குப் பின்னணியாயிருந்தது. அக்கட்சியின் ஆதரவுடன் மக்மிலன் 1894இல் பாடசாலைச் சபைக்குத் தெரிவானார். கேர் மருத்துவரோடு சேர்ந்து அவர் பாடசாலைகளைச் சுற்றிப் பார்த்தார். குளிர்காலம் முழுவதும் உடுத்த உடையைக் களையாமலே வகுப்புக்கு வந்த பிள்ளைகளைக் கண்டார். குளிப்பதற்கு நீரில்லாத வீட்டுப் பிள்ளையைச் ‘சுத்தமாக வா’ எனக் கண்டிப்பதில் பயனில்லை என்பது அவரது வாதம். நீண்ட எதிர்ப்புக்குப் பின்னர் 1897இல் வாப்பிங் வீதிப் பாடசாலையில் குளிப்பிடம் அமைக்கப்பட்டது. தொடக்கப் பாடசாலையொன்றிற் குளிப்பிடம் அமைந்தமை இங்கிலாந்தில் இதுவே முதன்முறையாகும்.

1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாடசாலைச் சபைகளைக் கலைத்து, அவற்றின் பணியை நகர, மாவட்ட சபைகளிடம் ஒப்படைத்தது. நிருவாக நோக்கில் இம்மாற்றம் பயனுடையதே. கல்வியும் சுகாதாரமும் வீடமைப்பும் ஒரே சபையின் கீழ் வந்தன. எனினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பாடசாலைச் சபைகளுக்குப் பெண்கள் போட்டியிட முடிந்தது; மாநகர சபைகளுக்கு அன்று முடியாது. நேரடித் தெரிவின் மூலம் சபைக்கு வந்த மக்மிலன் இச்சட்டத்தோடு தமது ஆசனத்தை இழந்து, அதே ஆண்டில் பிராட்போர்ட்டை விட்டு நீங்கினார். கேர் மருத்துவரும் லண்டனுக்குச் சென்றார். கல்வி வரலாற்றாசிரியர் இச்சட்டத்தைப் புகழும்போது இவ்விழப்பைப் பெரும்பாலும் அடிக்குறிப்பிலே தள்ளிவிடுகின்றனர். அது சரியன்று.

எஞ்சி நின்றவர் பிரெட் ஜோவெற். எட்டு வயதில் அரைநாட் பிள்ளையாக ஆலைக்குட் புகுந்த இவர், 1892இல் மாநகர சபை உறுப்பினரானார். பசித்த பிள்ளைகளுக்குச் சபையே உணவளிக்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார். இதை எதிர்த்தோர் யாவரும் கல்நெஞ்சர் எனக் கொள்ளல் தவறாகும். அவர்கள் முன்வைத்த நியாயங்கள் இரண்டு. பிள்ளையைப் போஷிப்பது பெற்றோர் கடன், அதனைச் சபை ஏற்குமாயின் தந்தையின் பொறுப்புணர்வு அழியும் என்பது முதலாவது. சட்டம் அனுமதியாத செலவைச் சபை செய்தல் முறையன்று என்பது இரண்டாவது. இரண்டாவது வாதத்துக்கு வலு இருந்தது. லண்டன் பாடசாலைச் சபை உயர்தர வகுப்புகளுக்குச் செய்த செலவைக் கணக்காய்வாளர் கொக்கேற்றன் ஏற்க மறுத்ததையும், நீதிமன்றம் 1901இல் அவர் பக்கம் தீர்ப்பளித்ததையும் சபையினர் மறந்திருக்கவில்லை. கணக்காய்வாளர் தள்ளிய தொகை உறுப்பினரின் சொந்தப் பையிலிருந்தே அறவிடப்படலாம்.

தரும சங்கங்களின் உணவு இருந்தது; ‘சின்டெரெல்லாக் கழகம்’ பிராட்போர்ட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளித்து வந்தது. ஆயினும் தருமம் குளிர்காலத்திற் பெருகி வேனிலிற் குறைவது. பசி அவ்வாறு பருவம் பார்ப்பதில்லை. 1905இல் உள்ளூராட்சிச் சபை வெளியிட்ட கட்டளை, வறியோர் சட்டப் பாதுகாவலர் மூலம் பிள்ளைகளுக்கு உணவு வழங்க இடமளித்தது. ஆயின் அவ்வுதவி தந்தைக்குரிய பிச்சையாகவோ கடனாகவோ பதியப்பட்டது. வேலையிருந்தும் கூலி போதாத தொழிலாளி, தன் பிள்ளை உண்ட கஞ்சிக்காக ‘வறியோர்’ பட்டியலிற் சேர்வதைவிட, பிள்ளை பட்டினி கிடப்பதை மேலெனக் கருதியதில் வியப்பில்லை. பட்டியலில் ஏறுவோர் வாக்குரிமையை இழக்கும் காலம் அது.

போவர் யுத்தத்துக்கு ஆட்சேர்த்தபோது தொழிலாள இளைஞரிற் பலர் உடற்றகுதியற்றோர் எனத் தள்ளப்பட்டமை ஆளும் வகுப்பினரைக் கலங்கச் செய்திருந்தது. உடல் நலிவு பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழு 1904இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனையையும் உணவு வழங்கலையும் ஆதரித்தது. 1906இல் ஜோவெற் மேற்கு பிராட்போர்ட்டிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அவ்வாண்டு இறுதியில் பாடசாலை உணவுச் சட்டம் நிறைவேறியது. அது கட்டாயச் சட்டமன்று. விரும்பிய சபைகளுக்கு அனுமதி வழங்கியது மட்டுமே. செலவும் ஆதனவரியில் ஒரு பவுணுக்கு அரைப் பென்னிக்கு மேற்படலாகாது. பேரரசொன்றின் தலைநகர், தன் பிள்ளைகளின் பசிக்கு வகுத்த எல்லை அரைப் பென்னி!

பிராட்போர்ட் காலந்தாழ்த்தவில்லை. கேரின் பதவிக்கு வந்திருந்த மருத்துவர் றல்ஃப் குறோலியும், மனையியற் பாடங்களின் மேற்பார்வையாளர் மரியன் கஃப் அம்மையாரும் 1907 ஏப்பிரல் 17 முதல் ஜூலை 24 வரை ஒரு சோதனையை நடத்தினர். நாற்பது பிள்ளைகள் தெரிவு செய்யப்பட்டு, பாடசாலை நாட்களிற் காலையும் நண்பகலும் உணவு பெற்றனர். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் பாலும் பாணும். மேசைகளில் வெள்ளை விரிப்பும் பூக்களும் இருந்தன. மூத்த சிறுமியர் பரிமாறினர். விரிப்புகள் விரைவில் அழுக்கேறின. பிள்ளைகளிடம் பண்பில்லாமையால் அன்று, அவர்களின் உடை அழுக்காயிருந்தமையாலும் கழுவுவதற்குப் போதிய வசதியின்மையாலுமே அவ்வாறாயிற்று என்பதைக் குறோலி தம் அறிக்கையிற் கவனமாகப் பதிந்தார். ஏழையின் அழுக்கை அவனது ஒழுக்கக் குறையாக எண்ணிய ஒரு காலத்தில், அலுவலர் ஒருவர் இவ்வாறு பிரித்தறிந்து எழுதியமை சிறு செயலன்று.

ஆயினும் அறிக்கையின் உயிர்நாடி நிறைக் கணக்கே. உணவு பெற்ற பிள்ளைகளும் பெறாத பிறிதொரு தொகுதியினரும் காலத்துக்குக் காலம் நிறுக்கப்பட்டனர். உணவு பெற்றோரின் நிறை மற்றையோரினும் தெளிவாக மிகுந்து உயர்ந்தது. அதனினும் கூர்மையான சான்று இடையில் வந்த விடுமுறை வாரத்திற் கிடைத்தது. பாடசாலை மூடப்பட்டவுடன் அதே பிள்ளைகளின் நிறை குறைந்தது. மீண்டும் திறந்ததும் ஏறியது. பெற்றோரின் பொறுப்புணர்வு பற்றிய நீண்ட விவாதத்துக்குத் தராசின் முள் மறுமொழி கூறிற்று. வீட்டில் உணவிருந்தும் பெற்றோர் கொடுக்கத் தவறினர் எனக் கூறுவோர், அந்நகரத்துக் கூலியையும் வாடகையையும் முதலிற் கணக்கிட்டிருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு அக்டோபர் 28ஆந் திகதி கிறீன் லேன் பாடசாலையில் மத்திய சமையற்கூடம் திறக்கப்பட்டது. அங்கு சமைத்த உணவு நகரின் ஏனைய உண்ணுமிடங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. எழுத்தாளர் ஜே. பி. பிறீஸ்லியின் தந்தையார் ஜொனதன் பிறீஸ்லி அப்பாடசாலையின் தலைமையாசிரியர்களுள் ஒருவராவார். 1908இல் நோயுற்ற, நலிந்த பிள்ளைகளுக்காகத் தக்லியில் திறந்தவெளிப் பாடசாலையொன்றையும் சபை நிறுவியது. மருத்துவப் பரிசோதனையோ 1907ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடெங்கும் கடமையாக்கப்பட்டது. கேர் மருத்துவரின் நியமனம் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியது.

ஆனால் விடுமுறைப் பசி தீரவில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலை நடைபெறும் நாட்களைப் பற்றியே பேசியது. விடுமுறையில் உணவளிக்கும் சபை மீண்டும் கணக்காய்வாளரின் கண்ணிற்பட்டது. ஜோவெற் பாராளுமன்றத்தில் இதனை விடாது எழுப்பினார். 1914இல் வந்த திருத்தச் சட்டம் அரைப் பென்னி எல்லையை நீக்கி, விடுமுறை நாட்களிலும் உணவு வழங்கச் சபைகளுக்கு உரிமை தந்தது. குறோலியின் நிறைப் பட்டியல் அந்த ஒரு வார வீழ்ச்சியைக் காட்டி ஏழாண்டுகள் ஆகியிருந்தன.