ஜான் கிரெகரி மாறியிருக்க வேண்டுமா?

வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு கோச் என்ன செய்யணும்? ஆட்ட முறையை மாத்தணுமா, இல்ல "நம்ம வழி சரிதான், பலன் வரும்"னு பொறுமையா இருக்கணுமா? கால்பந்து பார்க்கிற யாரைக் கேட்டாலும் உடனே ரெண்டு கட்சி ஆகிவிடும். இதற்கு இங்கிலாந்து, ஸ்பெயின் என்று உதாரணம் தேட வேண்டாம். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பெரியமேடு நேரு ஸ்டேடியத்திலேயே இது நடந்தது.

முதலில் பொறுமைக் கட்சியின் வாதம். 2015ல் மட்டெராட்ஸி கோச்சாக இருந்த சென்னையின் எஃப்சி, பத்து ஆட்டத்தில் பத்தே பாயின்ட்டோடு கடைசி இடத்தில் கிடந்தது. அவரை யாரும் அனுப்பவில்லை. மிச்சமிருந்த நாலு ஆட்டத்தையும் ஜெயித்து, வெள்ளத்தால் செமி ஃபைனலைப் புனேவுக்கு மாற்றி, கடைசியில் கோப்பையையும் தூக்கினார்கள். இந்தக் கதையை ஞாபகம் வைத்திருக்கிற ஒரு நிர்வாகம் அடுத்த தடவையும் பொறுமையாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த தடவை வந்தவர் கிரெகரி. 2000ல் ஆஸ்டன் வில்லாவை எஃப்.ஏ. கப் ஃபைனல் வரை கொண்டுபோன மனுஷர். 2017-18ல் அவர் ஆட்டம் ரொம்ப சிம்பிள்: பின்னால் இறுக்கிப் பிடி, கார்னர், ஃப்ரீ கிக்கில் அடி. ஃபைனலில் பெங்களூரை அவங்க ஊரிலேயே 3-2 என்று வென்றபோது முதல் ரெண்டு கோலும் கார்னரில் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியவை. அதற்கு முன் செமி ஃபைனலில் கோவாவை 3-0 அடித்ததில் ஒரு கோல் தன்பால் கணேஷுடையது. வியாசர்பாடிப் பையன். குட்டி பிரேசில் என்று பேர் வாங்கிய ஏரியா சும்மாவா :-)

அடுத்த வருஷம் அதே கிரெகரி, அதே முறை. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 பாயின்ட், பத்து டீமில் பத்தாவது இடம். சாம்பியன் டீம்!

ஏன்? முறை தப்பென்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. பின்னால் இறுக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். கேப்டன் செரேனோ போய்விட்டார். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கிற கணேஷ், முழங்கால் காயத்தால் அந்த சீசன் முழுக்க வெளியே. ஜேஜேவுக்கு லீகில் ஒரே ஒரு கோல்தான். அதாவது அந்த முறையை முறையாக்கிய ஆட்களே இல்லை, பேர் மட்டும் மிச்சம். உறுதியாக நின்றார் என்று இதைப் பாராட்ட என்னால் முடியாது. எதன் மேல் நிற்கிறோம் என்று குனிந்து பார்த்திருக்கணும்.

ஆனாலும் அவரை வைத்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் சூப்பர் கப் ஃபைனல் வரை போனது நம்பிக்கை தந்திருக்கும். 2019-20 தொடங்கியது, முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. அதே தீபாவளிக்கு வந்த பிகிலில் வடசென்னைக் கோச் விஜய் கோல் மழை பொழிய வைத்துக்கொண்டிருந்தார், அது வேற கதை. ஆறு ஆட்டம், நாலு கோல், அஞ்சு பாயின்ட். நவம்பர் கடைசியில் கிரெகரி விலகினார்.

டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். புது ஆட்களை வாங்கிக் குவிக்க நேரமே இல்லை. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே எல்லாரும் கிரெகரி காலத்தில் சேர்ந்தவர்கள்தான். டீமை முன்னால் ஏறி ஆட விட்டார், மூணு வாங்கினால் நாலு அடி என்கிற மாதிரி. சில நாள் அதுவே வாரிவிட்டது: கோவாவிடம் 3-4 தோல்வி, அடுத்து ஒடிசாவிடமும் தோல்வி. அப்போதும் அவர் பின்வாங்கவில்லை, இதைக் கவனிக்கணும். கேரளாவை 6-3 அடித்தார்கள். 12 லீக் ஆட்டத்தில் 28 கோல், 24 பாயின்ட், நாலாவது இடம். வால்ஸ்கிஸ் மொத்தம் 15 கோல். 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளில்லாத ஃபாட்டோர்டா மைதானத்தில் ஃபைனல். ஏடிகேயிடம் 1-3 தோல்வி.

ஆக மாறணும் என்கிற கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன், ஒரு திருத்தத்தோடு. கோய்ல் தன் முறையை மாற்றிக்கொண்டு ஜெயிக்கவில்லை. கிரெகரி சேர்த்துவைத்த ஆட்களுக்குப் பொருந்துகிற முறையோடு வந்தார், அவ்வளவுதான். அந்த ஆட்கள் கையில் இருந்தும் கிரெகரி அந்த ஆட்டத்தை ஆடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கோய்ல் பிறகு ஜாம்ஷெட்பூர் போய் 2021-22ல் லீக் ஷீல்டு வாங்கினார். 2023ல் திரும்ப சென்னைக்கே வந்தார். 2024-25ல் அவருடைய டீம் 13ல் 11வது இடம். அந்த சீசனைப் பார்த்தவர்கள், அவர் எதை மாத்தியிருக்கணும் என்று சொல்லுங்கள்.