மாமுண்டியா பிள்ளை, புதுக்கோட்டை

கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் கஞ்சிராவுக்குப் பிரத்தியேகமான ஸ்தானத்தைத் தேடித் தந்தவரும், லயக் கணக்குகளின் நுட்பத்தால் புதுக்கோட்டைப் பரம்பரை என்றே ஒரு வாசிப்பு முறை வழங்கக் காரணமாயிருந்தவருமான இவ்வித்துவான் மான்பூண்டியா பிள்ளை என்றும் அறியப்படுவார். 1922ஆம் ஆண்டில் காலமானார். தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டையில் வளர்ந்த இவர், முதலில் பயின்றது தவில் வாத்தியமேயாகும்.

பலாமரச் சட்டத்தில் உடும்புத் தோலைப் போர்த்து, பக்கத்தில் ஜோடிச் சலங்கைத் தகடு பொருத்திய கஞ்சிரா என்னும் சிறு கருவியை இடது கையில் ஏந்தி, தோலின் உட்புறம் நீர் தெளித்துச் சுருதியைத் தாழ்த்தி, வலக்கை விரல்களால் மட்டுமே வாசிப்பதாகையால், இருபுறமும் இரு கைகள் புழங்கும் தவிலின் சொற்கட்டுகளை அதில் கொணர்வது எளிய காரியமன்று. பஜனை மடத்துத் துணைக்கருவியை மிருதங்கத்துக்குச் சமதையாக மேடையேற்றியதே இவருடைய தலையாய சாதனை எனலாம்.

சிஷ்யர்களுள் மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சிறந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையும் (1875–1936), பழனி முத்தையா பிள்ளையும் முக்கியமானவர்கள். முத்தையா பிள்ளையின் குமாரரே இடக்கை வாசிப்பால் புகழடைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை. கஞ்சிராவுக்குத் தோல் தந்த உடும்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டபின், ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் புழக்கத்துக்கு வந்துள்ளன. பழைய கும்காரத்தின் (தாழ்ந்த நாதத்தின்) கனம் அவற்றில் முழுமையாக அமைவதில்லை.