நாட்குறிப்புச் செயலி: எழுதத் தொடங்கும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

புது தில்லி: கைப்பேசியில் நாட்குறிப்பு எழுத விரும்புவோர் பெரும்பாலும் செயலியின் தோற்றத்தையும் சந்தாக் கட்டணத்தையும் பார்த்தே முடிவெடுக்கின்றனர். எழுதியவற்றை ஒரு நாள் அதிலிருந்து முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி. கைப்பேசி தொலைந்த பிறகோ, சேவை நிறுத்தப்பட்ட பிறகோ கேட்டால் அதற்குப் பயனில்லை.

இத்தகைய சேவைகள் மூடப்படுவது புதிதல்ல. நாள்தோறும் மின்னஞ்சல் அனுப்பி, பயனர் எழுதும் பதிலையே நாட்குறிப்பாகச் சேமித்துவந்த 'ஓலைஃப்' 2014-இல் மூடப்பட்டது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தபோது, ஆவணங்களைப் படியெடுக்கப் பரவலாகப் பயன்பட்ட 'கேம்ஸ்கேனர்' செயலியும் அப்பட்டியலில் இருந்தது. ஆவணங்களை அதற்குள்ளேயே வைத்திருந்தவர்களுக்கு அவற்றை வேறிடம் மாற்றும் வேலை திடீரென வந்து சேர்ந்தது.

சட்டமும் இதில் முழுத் துணையாக இல்லை. 2019-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், ஒருவர் தமது தரவை ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை இடம்பெற்றிருந்தது. 2023-இல் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமைகள் உள்ளன. எடுத்துச் செல்லும் உரிமை இல்லை. ஆகவே, 'எக்ஸ்போர்ட்' வசதியைத் தருவதும் தராததும் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்ததே.

எந்த வடிவில் வெளிவருகிறது?

அவ்வசதி இருந்தால் மட்டும் போதாது. சில செயலிகள் தாங்கள் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பைத் தருகின்றன. சில பிடிஎஃப் மட்டும் தருகின்றன. தமிழில் எழுதுவோர் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பிடிஎஃப் கோப்பு திரையில் சரியாகத் தெரிந்தாலும், அதிலிருந்து தமிழை நகலெடுக்கும்போது கொம்புகளும் கால்களும் இடம்மாறிச் சிதைவது உண்டு; தேடினாலும் சொல் அகப்படாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. யூனிகோடில் அமைந்த எளிய உரைக்கோப்பே நீண்ட காலத்துக்கு நம்பத்தக்கது.

ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2021-இல் வாங்கிய 'டே ஒன்' செயலி உரைக்கோப்பு, பிடிஎஃப், ஜேசன் ஆகிய வடிவங்களில் ஏற்றுமதி செய்ய இடமளிக்கிறது. திறந்த மூலச் செயலியான 'ஜாப்ளின்' மார்க்டவுன் எனப்படும் எளிய உரை வடிவில் தருகிறது. ஆப்பிள் 2023 டிசம்பரில் வெளியிட்ட 'ஜர்னல்' ஆண்ட்ராய்டில் இல்லை. கைப்பேசி மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. எதுவாயினும், முதலில் புகைப்படத்துடன் மூன்று நாள் குறிப்புகளைத் தமிழில் எழுதி, ஏற்றுமதி செய்து, கணினியில் திறந்து பாருங்கள். தேதியும் படமும் எழுத்தும் சரியாக வந்தால் மேற்கொண்டு எழுதலாம்.

செயலியே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே செய்தி அனுப்பி வைப்போரும் உள்ளனர். இரண்டு வரிக் குறிப்புக்கு அது போதும். பல ஆண்டு நாட்குறிப்பை அங்கே சேர்ப்பது உகந்ததல்ல. அங்கும் காப்பு நகலுக்கான குறியாக்கத்தைப் பயனர்தான் அமைப்புகளுக்குள் சென்று இயக்க வேண்டும்.

ஒத்திசைவு காப்பு நகல் ஆகாது

'எல்லாம் கிளவுடில் இருக்கிறது' என்ற நம்பிக்கையில்தான் பலரும் ஏமாறுகின்றனர். ஒத்திசைவு என்பது எல்லாச் சாதனங்களையும் ஒரே நிலையில் வைப்பது மட்டுமே. கைப்பேசியில் ஒரு குறிப்பைத் தவறுதலாக அழித்தால் கணினியிலிருந்தும் அது மறையும்.

ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்பையும் முழுமையாக நம்ப இயலாது. ஒரு செயலிக்கு 25 எம்பி வரையிலான தரவையே அது சேமிக்கிறது. புகைப்படங்களுடன் எழுதப்படும் நாட்குறிப்பு சில வாரங்களிலேயே அந்த அளவைத் தாண்டிவிடும். செயலியை உருவாக்கியவர் இவ்வசதியை அடியோடு நிறுத்தி வைக்கவும் முடியும். பயனருக்கு அது தெரியவராது.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது கணினித் துறையில் நெடுநாளாக வழங்கும் விதி. வீட்டு அளவில் இதைச் செய்வது எளிது. மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்த கோப்பைத் தேதியிட்டுக் கணினியில் ஒரு நகல், பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒரு நகல், கிளவுடில் ஒரு நகல் என வைத்தால் போதும். பழைய நகலின் மீதே புதியதை எழுதிவிடக் கூடாது. சிதைந்த கோப்பு நல்ல கோப்பை அழித்துவிடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளையும் அவற்றிலுள்ள தரவுகளையும் கூகுள் நீக்கக்கூடும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பூட்டும் சாவியும்

ஒரே கைப்பேசியைக் குடும்பத்தில் பலர் கையாளும் வீடுகளில் நாட்குறிப்பின் அந்தரங்கம் சிறிய விஷயமல்ல. செயலியைத் திறக்கும்போது கேட்கப்படும் பின் எண், திரையை மட்டும் மறைக்கலாம். உள்ளிருக்கும் கோப்பு பூட்டப்படாமலே கிடக்கலாம். நிறுவனத்தாலும் படிக்க இயலாத முழுக் குறியாக்கம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஜாப்ளினில் இதைப் பயனரே இயக்க வேண்டும்.

ஏற்றுமதி செய்த உரைக்கோப்பில் அந்தப் பாதுகாப்பு இருக்காது. யார் கையில் கிடைத்தாலும் படித்துவிடலாம். எனவே 7-ஜிப் போன்ற இலவச மென்பொருளால் கடவுச்சொல் இட்டு, ஏஇஎஸ்-256 முறையில் சுருக்கிய பிறகே பென் டிரைவுக்கோ கிளவுடுக்கோ அனுப்புவது பாதுகாப்பானது. கணினியைப் பிறரும் பயன்படுத்தினால் அங்கும் சுருக்கிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மூல உரைக்கோப்பை நீக்கிவிட வேண்டும்.

முழுக் குறியாக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. கடவுச்சொல்லையோ மீட்புச் சாவியையோ தொலைத்தால், நிறுவனத்தைத் தொடர்புகொண்டாலும் குறிப்புகளை மீட்க வழியில்லை. சாவியை அதே கைப்பேசியின் குறிப்பேட்டில் வைத்திருப்பவர், கைப்பேசியுடன் சாவியையும் சேர்த்தே இழப்பார். தாளில் எழுதி, பத்திரங்களும் சான்றிதழ்களும் இருக்கும் இடத்தில் வைப்பது பழைய முறைதான்; ஆனாலும் அதுவே நம்பகமானது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது காப்பு நகலை வேறொரு சாதனத்தில் திறந்து, பழைய தேதி ஒன்றின் குறிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். புதிய கைப்பேசிக்கு மாறுவோர் இதைச் செய்து முடிக்கும்வரை பழைய கைப்பேசியை விற்கவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ கூடாது.