கதவைத் தட்டாமல் வந்த விருந்தாளி

1995 ஆகஸ்ட் மாதம். இரண்டு விருந்தாளிகள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பி வந்தார்கள்.

முதலாமவர் வந்தது சரியாக சுதந்திர தினத்தன்று. வி.எஸ்.என்.எல். என்கிற விதேஷ் சஞ்சார் நிகம் லிமிடெட், ஆகஸ்ட் 15-ம் தேதி மெட்ராஸ் உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அடுத்த ஒன்பதாவது நாள், ஆகஸ்ட் 24-ம் தேதி, அமெரிக்காவில் ஜனங்கள் நடுராத்திரி கடை வாசலில் க்யூ நின்று ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர், விண்டோஸ் 95.

அதற்குப் பிறகு இந்த இரண்டு பேரும் நம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு போட்ட சண்டைதான் இந்த வாரக் கதை.

முதல் விருந்தாளி மகா மந்தம். நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்காதீர்கள், பக்கத்துக்கு எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள்! ஆரம்பத்தில் கிடைத்த வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். அதாவது ஒரு எம்.பி. இறங்குவதற்குக் கிட்டத்தட்ட கால் மணி நேரம். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். அதில் எழுத்து மட்டும்தான் தெரியும், படம் கிடையாது. படத்தோடு பார்க்கும் வசதி வேண்டுமா? ஆண்டுக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய்!

ஏன் இந்த ஆமை வேகம்? டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. அதில் கம்ப்யூட்டரின் ஒன்றுகளையும் பூஜ்ஜியங்களையும் அனுப்ப வேண்டுமென்றால் அவற்றைச் சத்தமாக மாற்றியாக வேண்டும். அந்த வேலையைச் செய்த டப்பாவுக்குப் பெயர் மோடம். கனெக்‌ஷன் கிடைப்பதற்கு முன்னால் 'கிர்ர்ர்... டொய்ங்... கீ...' என்று ஒரு கூச்சல் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பக்கத்து மோடமும் அந்தப் பக்கத்து மோடமும் 'எவ்வளவு வேகத்தில் பேசிக்கொள்ளலாம்?' என்று பேரம் பேசிய சத்தம் அது. குரலுக்கான அந்தக் குறுகலான சந்தில் எவ்வளவு நெருக்கிப் பிடித்தாலும் 56 கிலோபிட்டுக்கு மேல் போக முடியவில்லை. நடுவில் யாராவது ரிஸீவரை எடுத்துவிட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது விருந்தாளி அப்போது ரொம்ப சாது. விண்டோஸ் 95 சி.டி.யில் வந்தது, இல்லாவிட்டால் 13 ஃபிளாப்பிகளில் வந்தது. கடையில் வாங்கிய மிக்ஸி மாதிரிதான். வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே கடைசி வரைக்கும் இருக்கும். கம்பெனிக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக வந்து மிக்ஸியின் பட்டனை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போக மாட்டார்.

1998-ல் விண்டோஸ் 98-உடன் 'விண்டோஸ் அப்டேட்' என்று ஒன்று வந்தது. வேண்டியவர்கள் தாங்களே போய்ப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். 2000-ல் வந்த விண்டோஸ் மீ-யில் இது தானியங்கி ஆனது. நாம் கடைக்குப் போனது போய், கடைக்காரர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

அவர் ஏன் வந்தார் என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் பாவம்.

2003 ஜூலை 16-ம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் வெளியிட்டது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி போன்றவற்றில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்கும் ஒட்டு. பல லட்சம் பேர் கண்டுகொள்ளவில்லை. 26 நாள் கழித்து, ஆகஸ்ட் 11-ம் தேதி, அதே ஓட்டை வழியாக 'பிளாஸ்டர்' என்று ஒரு புழு உள்ளே நுழைந்தது. நீங்கள் எந்த மெயிலையும் திறக்க வேண்டாம், எதையும் க்ளிக் செய்ய வேண்டாம். இண்டர்நெட்டில் சும்மா இருந்தாலே போதும். திரையில் ஒரு பெட்டி தோன்றும். 'இன்னும் 60 விநாடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்' என்று கவுண்ட் டௌன் ஓடும். அணைந்து, மறுபடி உயிர் பெற்று, மறுபடி 60 விநாடி!

இங்கேதான் நம் முதல் விருந்தாளி காலை வாரினார். ஓட்டையை அடைக்கும் பேட்ச் இண்டர்நெட்டில் இருக்கிறது. அதை எடுக்க இண்டர்நெட்டுக்குப் போக வேண்டும். போனால் புழு. டயல்-அப்பில் பேட்ச் முழுசாக இறங்குவதற்குள் 60 விநாடி முடிந்துவிடும். வைத்தியர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாய் என்றால் நோயாளி என்னதான் செய்வான்? எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் ஒரு மந்திரம் கற்றுக்கொண்டார்கள். கட்டளைப் பெட்டியைத் திறந்து 'ஷட்டௌன் மைனஸ் ஏ' என்று அடித்தால் அந்தக் கவுண்ட் டௌன் நின்றுவிடும். பிறகு நிதானமாக பேட்ச்சை இறக்கலாம்.

இந்த அடிக்குப் பிறகு, 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச்களை மொத்தமாக வெளியிடும் வழக்கம் வந்தது. 'பேட்ச் ட்யூஸ்டே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் காலை நேரம், நமக்கு அது செவ்வாய் இரவு.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பி-க்கு 'சர்வீஸ் பேக் 2' வந்தது. நல்ல சமாசாரம்தான், ஃபயர்வாலைத் தானாகவே இயங்க வைத்தது. ஆனால் முழுத் தொகுப்பு சுமார் 266 எம்.பி. 56 கிலோபிட் மோடம் மூச்சு விடாமல் முழு வேகத்தில் ஓடினாலே 11 மணி நேரம்! எந்த வீட்டு மோடம் மூச்சு விடாமல் ஓடியது? கம்பெனிக்கே இது புரிந்து, கேட்டவர்களுக்கு இலவசமாக சி.டி. அனுப்பினார்கள். நம் ஊரில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த சி.டி.க்கள் கை மாறின. ப்ரௌஸிங் சென்டரில் இறக்கி, வீட்டுக்கு எடுத்து வந்தவர்களும் உண்டு.

அதே 2004 அக்டோபரில் இந்திய அரசு ஒரு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டது. விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது 'பிராட்பேண்ட்' என்றார்கள். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது ராஜபாட்டை! 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. வேகம் வந்தது சரி, ஆனால் அளந்து ஊற்றினார்கள். மாதம் 400 எம்.பி., 1 ஜி.பி. என்று கணக்கு. தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக் காசு. நீங்கள் ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை, ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் உங்களைக் கேட்காமல் பின்னணியில் ஒரு பெரிய அப்டேட் இறங்கியிருக்கும். பில் யார் பேருக்கு? உங்கள் பேருக்கு.

பிறகு சில திட்டங்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லை என்று சலுகை வந்தது. ஒரு தலைமுறையே ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தது. மோடத்தை ஒரு தடவை அணைத்துப் போட்டு, டவுன்லோட் மேனேஜரைத் தட்டிவிட்டு மறுபடி தூங்கியது. படிக்கிறதற்குக்கூட அந்த நேரத்தில் எழுந்திருக்காத பையன்கள்!

ஆக, அது வரைக்கும் ஒரு மாதிரி சமாளித்தாயிற்று. பாதுகாப்புக்காகத்தானே வருகிறார் என்று கடைக்காரரைப் பொறுத்துக்கொண்டோம். 2015-ல்தான் விஷயம் எல்லை மீறியது.

அந்த வருஷம் ஜூலை 29-ம் தேதி விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருஷம் வரை இலவசம். இரண்டு மூன்று வருஷத்தில் 100 கோடி கருவிகளில் விண்டோஸ் 10 ஓட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் இலக்கு. இலக்கு பெரிதானால் பொறுமை சிறிதாகும். 3.5 முதல் 6 ஜி.பி. வரையிலான ஃபைல்கள், கேட்காதவர்களின் கம்ப்யூட்டர்களிலும் ஒரு மறைவான ஃபோல்டரில் இறங்க ஆரம்பித்தன. 2016 பிப்ரவரியில் இதைப் பாதுகாப்பு பேட்ச்கள் வருகிற அதே வாசல் வழியாக 'பரிந்துரைக்கப்பட்ட அப்டேட்' என்று அனுப்பினார்கள். மே மாதம் உச்சகட்டம். பெட்டியின் மூலையில் இருக்கிற 'எக்ஸ்' குறியை அழுத்தினால் 'வேண்டாம்' என்றுதானே அர்த்தம்? அதை 'சரி, குறித்த நேரத்தில் ஆரம்பியுங்கள்' என்று எடுத்துக்கொண்டது அந்தப் பெட்டி!

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் கிழக்கே சிங்கோ என்று ஒரு காட்டுப் பகுதி இருக்கிறது. ஆயுதம் ஏந்திய வேட்டைக் கும்பல்களிடமிருந்து விலங்குகளைக் காக்கிற வேலை அங்கே நடக்கிறது. வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு சாட்டிலைட் இண்டர்நெட். மந்தமானது, கொள்ளை விலை. 2016-ல் அங்கே இருந்த ஒரு லேப்டாப், யாரும் கேட்காமலே விண்டோஸ் 10-ஐ இறக்க ஆரம்பித்துவிட்டது. ரோந்து போயிருக்கும் காவலர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கவும் இதே கம்ப்யூட்டர்கள்தான். துப்பாக்கிச் சண்டை நடக்கிற நேரத்தில் திரை கறுத்து 'அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்' என்று வந்தால் என்ன கதி? அங்கே வேலை செய்தவர்கள் கொதித்துப் போய்க் கேட்ட கேள்வி இது.

கலிஃபோர்னியாவில் சின்ன டிராவல் ஏஜென்ஸி நடத்திய ஒரு பெண்மணி கோர்ட்டுக்கே போனார். கேட்காமல் வந்த விண்டோஸ் 10 தன் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டது என்று வழக்கு. 10,000 டாலர் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் அப்பீலைக் கைவிட்டது. அந்த வருஷக் கடைசியில், கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோம் என்று கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவரே ஒப்புக்கொண்டார்.

சரி, பாடம் படித்தாயிற்று, சுபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது.

தொல்லை தாங்காமல் அப்டேட்டையே மொத்தமாக அணைத்து வைத்தவர்கள் அப்போது உண்டு. எப்படி அணைப்பது என்பதே ஒரு கைவைத்தியம் மாதிரிப் பரவியது. விண்டோஸ் 10-ஐத் தடுக்க மூடிய அதே வாசல் வழியாகத்தான் பேட்ச்களும் வர வேண்டும். 2017 மார்ச் 14-ம் தேதி முக்கியமான பேட்ச் ஒன்று வந்தது. மே 12-ம் தேதி, அது போடப்படாத கம்ப்யூட்டர்களைத் தேடிக்கொண்டு 'வான்னாக்ரை' கிளம்பியது. ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. சுமார் 19,000 நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தானதாக அரசுத் தணிக்கை மதிப்பிட்டது. பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அவற்றுக்கான பேட்ச் ஏறக்குறைய இரண்டு மாதமாக வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே இன்னொரு அதிர்ச்சி. ஜூன் 27-ம் தேதி வந்த 'நாட்பெட்யா' முதலில் நுழைந்ததே ஒரு அப்டேட் வேஷத்தில்தான். உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்பட்ட ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட்டுக்குள் விஷத்தை வைத்துவிட்டார்கள். டென்மார்க்கின் கப்பல் கம்பெனி மேர்ஸ்க்கின் 45,000 கம்ப்யூட்டர்களைத் திரும்ப நிறுவ வேண்டியதாயிற்று. அதன் நெட்வொர்க்கின் ஜாதகம் மாதிரியான சர்வர்கள் சுமார் 150 உலகம் முழுக்க இருந்தன. அத்தனையும் காலி. ஒன்றே ஒன்று தப்பியது, ஆப்பிரிக்காவின் கானாவில். எப்படி? அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்!

அதை இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்றால் கானாவின் லைன் அத்தனை மந்தம். பல நாள் ஆகும். ஆளையே அனுப்பலாம் என்றால் யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே ஏர்போர்ட்டில் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். ப்ரௌஸிங் சென்டரிலிருந்து நாம் சி.டி. தூக்கி வந்த அதே டெக்னிக்!

முப்பது வருஷக் கதை சொல்வது இதுதான். அப்டேட் என்பது பூட்டு ரிப்பேர்காரர் மாதிரி. அவர் வராவிட்டால் திருடன் வருவான். ஆனால் பூட்டைச் சரி செய்கிறேன் என்று வந்தவர், கேட்காமல் சோபாவையும் மாற்றிப் போட்டால், அடுத்த தடவை நிஜமாகவே பூட்டுக்காக வரும்போதும் நாம் கதவைத் திறக்க மாட்டோம். நஷ்டம் இரண்டு பேருக்கும்.

இது கம்பெனிக்கும் மெதுவாக உறைத்தது. விண்டோஸ் 10-லேயே, லைனை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்து வைத்தால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காமல் நிற்கும். 2019 மே மாதத்திலிருந்து வீட்டு உபயோகப் பதிப்பிலும் அப்டேட்டை 35 நாள் வரை தள்ளிப்போட முடிந்தது. தலையில் கட்டத் துடித்த அதே விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்தியும் விட்டார்கள்.

முதல் விருந்தாளி இப்போது தேறிவிட்டார். 2023 முதல், 2 எம்.பி.பி.எஸ். இருந்தால்தான் பிராட்பேண்ட் என்கிறது நம் அரசு. ஆனாலும் மழை பெய்தால் படுத்துக்கொள்கிற லைன்களும், மாசக் கடைசியில் தீர்ந்துபோகிற டேட்டாவும் இன்னும் இருக்கின்றன.

இன்று ராத்திரி உங்கள் திரையின் மூலையில் அந்தச் சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தால், கோபத்தில் 'எக்ஸ்'-ஐத் தேடாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். 'செக்யூரிட்டி' என்றிருந்தால் வேலையை சேவ் செய்துவிட்டு உள்ளே விடுங்கள். 'புதுசு, இலவசம்' என்றிருந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.