மனிதனின் சிறப்பும் விலங்குகளின் உரிமையும்: ஒரு பழைய வழக்கு

2022ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று காலை, நம் புதுச்சேரி நகரின் மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, நடைப்பயிற்சிக்குச் சென்ற வழியில் சாலையில் சரிந்து விழுந்து உயிர் நீத்தது. அன்று நகரமே திரண்டு வந்தது. துணைநிலை ஆளுநர் முதல் தெருவோரம் பூ விற்பவர் வரை கண்ணீருடன் அஞ்சலி செலுத்தினர். ஒரு குடும்பத்தின் மூத்தவரை அடக்கம் செய்வது போலவே அந்த யானையை அடக்கம் செய்தனர்.

அதே ஆண்டு ஜூன் 14 அன்று, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அதிகாரம் கொண்ட நீதிமன்றம் வேறொரு யானையைப் பற்றித் தீர்ப்பளித்தது. பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையின் 'ஹேப்பி' என்னும் யானை சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டுள்ளது என்றும், மனிதரைப் போல அதற்கும் விடுதலை கோரும் உரிமை உண்டு என்றும் வழக்குத் தொடுத்திருந்தனர். ஏழு நீதிபதிகளில் ஐவர் அதனை மறுத்தனர், இருவர் ஆதரித்தனர். யானை சட்டத்தின் பார்வையில் 'நபர்' அன்று என்பது முடிவாயிற்று.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது. மனிதன் மற்ற உயிர்களைவிட ஆன்மிக ரீதியில் உயர்ந்தவனா? உயர்ந்தவன் என்றால், விலங்குகளுக்கு உரிமை ஏதும் இல்லை என்று பொருளா? இக்கேள்வியை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழக்காக எழுதிப் பார்த்துவிட்டனர் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

கி.பி. 10ஆம் நூற்றாண்டில், ஈராக்கின் பஸ்ரா நகரில் 'இக்வானுஸ் ஸஃபா' எனப்படும் அறிஞர் குழு ஒன்று இயங்கியது. அவர்களுடைய கொள்கைகள் பலவற்றை உலமாக்கள் ஏற்கவில்லை. ஆயினும் அவர்கள் எழுதிய மடல்களுள் ஒன்று இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. கதை இதுதான்: ஒரு தீவில் கரையேறிய மனிதர்கள் அங்குள்ள விலங்குகளைப் பிடித்து வேலை வாங்க முற்படுகின்றனர். விலங்குகள் ஜின்களின் அரசரிடம் சென்று முறையிடுகின்றன. வழக்கு விசாரணைக்கு வருகிறது.

மனிதர்களின் தரப்பில் பல நாட்டவர் பேசுகின்றனர். அவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு. நாங்கள் நிமிர்ந்த உடல் கொண்டவர்கள், கைத்தொழில் அறிந்தவர்கள், அரசும் ஒழுங்கும் உடையவர்கள் என்று ஒவ்வொருவரும் பெருமை பேசுகின்றனர். விலங்குகள் ஒவ்வொன்றுக்கும் விடை வைத்திருக்கின்றன. உடல் அமைப்பா? அவரவர் தேவைக்கேற்ப இறைவன் கொடுத்தது. தொழில் திறனா? அளவுகோல் இன்றியே தேனீ அறுகோணக் கூடு கட்டுகிறது. இவ்வாறு வாதத்துக்கு வாதம் மனிதர்கள் பின்வாங்குகின்றனர்.

இறுதியில் ஒரே ஒரு காரணத்தினால்தான் தீர்ப்பு மனிதர் பக்கம் சாய்கிறது. மனிதனுக்கு மறுமை உண்டு. அவன் எழுப்பப்படுவான், விசாரிக்கப்படுவான், நற்கூலியோ தண்டனையோ பெறுவான். இறைநேசர்கள் தோன்றுவதும் மனித குலத்திலிருந்துதான். விலங்குகள் இதனை ஏற்று அமைதியாகின்றன. அறிவும் ஆற்றலும் அழகும் காப்பாற்றாத வழக்கை, விசாரணைக்கு உட்பட்டவன் என்ற நிலைதான் காப்பாற்றியது. 1810இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக மௌலவி இக்ராம் அலி இதனை உருதுவில் ஆக்கினார். பின்னர் பாரிஸ் அறிஞர் கார்சான் த தாஸி பிரெஞ்சு மொழிக்கும் கொண்டு சென்றார்.

திருக்குர்ஆனின் போதனையோடு இதனை வைத்துப் பார்ப்போம். ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியதாக அல்லாஹ் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் கூறுகிறான். அங்கே, படைத்தவற்றுள் 'பல'வற்றைவிட மேன்மையாக்கியதாகவே கூறுகிறான். அனைத்தையும்விட என்று கூறவில்லை. பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானத்தை மனிதன் சுமந்தான் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயம் உரைக்கிறது. அதே வசனம் அவனை அநியாயக்காரன், அறியாதவன் என்றும் சுட்டுகிறது. ஆகவே நமக்குரிய சிறப்பு, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பினால் வந்த சிறப்பு ஆகும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதனையே காண்கிறோம். மதீனாவின் தோட்டமொன்றில் தம்மைக் கண்டு கண்ணீர் சிந்திய ஒட்டகத்தைத் தடவிக் கொடுத்து, பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்கிய அதன் உரிமையாளரிடம் அல்லாஹ்வை அஞ்சுமாறு கூறினார்கள். பூனையைக் கட்டிப்போட்டுச் சாகடித்த பெண்ணின் கதியையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் பெற்ற மன்னிப்பையும் நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கற்கின்றனர். தமிழில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்று ஒரு தனிப் படலமே உண்டு. குட்டிகளுக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகக் கூறிய மானுக்காக நபியவர்கள் வேடனிடம் பிணை நின்றதாக அது அமைகிறது.

இப்போதனையைச் சட்டமாக வகுத்தவர்களுள் தலையாயவர் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள். 1181 அளவில் டமாஸ்கஸில் பிறந்து 1262இல் கெய்ரோவில் மறைந்தவர். 'கவாஇதுல் அஹ்காம்' என்னும் நூலில், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர் பட்டியலிட்டார். வயது முதிர்ந்தோ நோயுற்றோ எந்தப் பயனும் தராத நிலையிலும் அதற்குத் தீனி கொடுக்க வேண்டும். தாங்க இயலாத சுமையை ஏற்றக் கூடாது. அதற்குத் தீங்கு செய்யும் விலங்குடன் சேர்த்து அடைக்கக் கூடாது. அறுப்பதாயின் செம்மையாக அறுக்க வேண்டும். அதன் கண் முன்னே அதன் குட்டியை அறுக்கக் கூடாது.

ஐரோப்பியச் சட்டம் இவ்விடத்திற்கு வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1954 நவம்பர் 1 வரை நம் நகரை நிர்வகித்த பிரான்ஸ், 1804ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தில் விலங்குகளை மேசை நாற்காலி போன்ற அசையும் சொத்தாக வகைப்படுத்தியது. 1850இன் கிராமோன் சட்டம், வீட்டு விலங்குகளைப் பொது இடத்தில் வதைப்பதை மட்டுமே தண்டித்தது. வீட்டுக்குள் நடப்பதைக் கேட்கவில்லை. விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்று அக்குடிமைச் சட்டம் ஒப்புக்கொண்டது 2015இல்தான்.

இந்தியாவில் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியால் 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் 'உயிர்' என்பதில் விலங்குகளும் அடங்கும் என்றது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு, அடிப்படை உரிமைகளை விலங்குகளுக்கு அளிக்க முன்வரவில்லை. 'சம உரிமை' என்ற சொல்லில் நீதிமன்றங்கள் இன்றும் தடுமாறுகின்றன.

நம் மார்க்கம் இதில் தெளிவான வழி காட்டுகிறது. சமம் என்று நிறுவினால்தான் உரிமை கிடைக்கும் என்ற நிபந்தனை இங்கில்லை. ஆடு தொழுவதில்லை, நோன்பு நோற்பதில்லை. மனிதனைப் போல் அதற்குக் கடமைகள் இல்லை. ஆயினும் அதற்கு நம்மிடம் ஹக் உண்டு. அதனை உண்ண அல்லாஹ் அனுமதித்தான், வதைக்க அனுமதிக்கவில்லை.

அன்பு மட்டும் போதாது என்பதையும் லட்சுமியின் வாழ்வு நமக்குக் காட்டியது. ஒருமுறை உடல்நலத்திற்காக அது குரும்பாபேட்டுக்கு அனுப்பப்பட்டபோது, திரும்ப அழைத்து வாருங்கள் என்று நேசித்தவர்களே குரல் எழுப்பினர். அங்கேயே இருக்கட்டும் என்று விலங்கு நல ஆர்வலர்கள் கூறினர். நமக்கு ஒன்றைப் பிடித்திருக்கிறது என்பதும், அதற்கு எது நலம் என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இதனைப் பிறரைப் பார்த்துச் சொல்வது எளிது. காஜியார் தெருவிலும் முல்லா வீதியிலும் வாழும் நாம் நம்மைப் பார்த்துக் கேட்போம். சமய முறைப்படி அறுப்பதை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு குற்றமாகக் கருதவில்லை. அச்சலுகை அறுப்பதற்கு உரியது. அதற்கு முன் நாம் இழைக்கும் கொடுமைக்கு மறுமையில் சலுகை ஏதுமில்லை. குர்பானி ஆட்டை இரு சக்கர வண்டியில் கால்களைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டு வருகிறோமா? வெயிலில் தண்ணீரின்றிக் கட்டி வைக்கிறோமா? ஒன்றின் முன்னே மற்றொன்றை அறுக்கிறோமா? கத்தியை அதன் கண்ணில் படுமாறு தீட்டுகிறோமா? பிள்ளைகள் அதனைத் துன்புறுத்தி விளையாடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோமா? தியாகத்தின் நாளில் இவை நடந்தால், நாம் கொடுப்பது எதன் பெயரால்?

கொம்புள்ள ஆடு கொம்பில்லாத ஆட்டை முட்டியதற்குக்கூட மறுமையில் பழி தீர்க்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஆடுகளுக்கிடையே அத்தனை நுட்பமாக நீதி செலுத்தப்படும் நாளில், அறிவும் வேதமும் வழங்கப்பட்ட நாம் எளிதில் தப்பிவிட மாட்டோம்.

நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களின் ஹக்கை நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.