விரிவாக்க அட்டைகளுக்கான கர்னல் அமைப்பு

பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டில் செருகும் பி.சி. அட்டைகளை லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னல் அடையாளம் காணும்படி செய்யும் வேலை இது. இவ்வட்டைகளின் தரத்தை, 1989இல் தொடங்கிய பி.சி.எம்.சி.ஐ.ஏ. சங்கம் வகுத்தது. முதலில் வந்தவை 16 பிட்; பின்னர் 1995இல் 32 பிட் கார்ட்பஸ் வந்தது. இரண்டுக்கும் அகலம் 54 மி.மீ.தான். முனையை உற்றுப் பாருங்கள்: சிறு புடைப்புகளோடு பொன்னிறப் பட்டை தெரிந்தால் அது கார்ட்பஸ்.

இந்த வேறுபாடு பிடிபடாமல் கர்னலில் கைவைக்கக் கூடாது. 16 பிட் அட்டை தன்னைப் பற்றிய விவரத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். கர்னல் அதைப் படித்து உரிய இயக்கியைத் தேடும். கார்ட்பஸ் அட்டையோ, கணினியின் உட்பாட்டையான பி.சி.ஐ.யில் இணைந்த சாதனமாகவே தென்படும், பி.சி.ஐ. இயக்கியே போதும். ஆனால் பெரும்பாலான கார்ட்பஸ் மடிக்கணினிகளில் எந்த அட்டைக்கும் முதலில் செருகுவாயை இயக்கும் 'யெந்தா' இயக்கி வேண்டும். அது விடுபட்டால், அட்டையை எத்தனை முறை செருகினாலும் கர்னல் வாய் திறக்காது.

லினக்ஸில் இவ்வசதி டேவிட் ஹிண்ட்ஸ் எழுதிய தனித் தொகுப்பாக இருந்தது; 2001இல் வெளியான 2.4 கர்னலுக்குள் இடம்பிடித்தது.

ஆனால் தென் தமிழகத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர் கைக்கு லினக்ஸ் வந்தது, 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸுடன் அந்த மடிக்கணினிகளில் இருந்தது. அதற்குள் பக்கவாட்டுச் செருகுவாய் வழக்கொழிந்து, வைஃபை அட்டை கணினிக்குள்ளேயே போய்விட்டது.